முப்பதில் பதினேழாவது

இடிபட்ட வண்டிகளால்தான் அவள் பிழைப்பு ஓடியது. காப்பீட்டு அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக மதிப்பீட்டாளர் வேலை. நசுங்கிய டாக்ஸி, கவிழ்ந்த பால் வேன், மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கும் லாரி என்று எது வந்தாலும், சோப்புப் பெட்டி அளவுள்ள ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். அதைத் தகட்டின்மேல் வைத்தால் பெயின்ட் எத்தனை மைக்ரான் தடிமன் என்று எண் காட்டும். ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். 'இந்தக் கதவு வாங்கினதுல இருந்தே இப்படித்தாங்க' என்று சாதிக்கிறவர்கள், அந்த எண்ணைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு வேறு பேச்சுப் பேசுவார்கள். அலுவலகத்தில் அவளுக்கு மைக்ரான் என்றே பேராகிவிட்டது. வீட்டுக்காரர்கூட ஓரிரு தடவை அப்படிக் கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதுண்டு.

ஒரு திங்கட்கிழமை மேலாளர் அவள் மேஜையில் ஒரு ஃபைலை வைத்தார்.

"ஸ்போர்ட்ஸ் கார் மைக்ரான். உலகத்துலயே முப்பதுதான் செஞ்சாங்களாம். இது பதினேழாவது. கொடுத்த விலைக்கே இன்ஷூரன்ஸ் வேணும்னு ஓனர் கேக்குறார். அவ்வளவு பெறுமான்னு நீதான் பார்த்துச் சொல்லணும்."

அவள் கோப்பைத் திறந்து தொகையைப் பார்த்தாள். ஒரு சைபர் கூடுதலாக விழுந்துவிட்டதோ என்று விரல் வைத்து எண்ணினாள். இல்லை, சரியாகத்தான் இருந்தது.

அவளுக்குத் தெரிந்த கணக்கு எளிது. வண்டி எந்த மாடல், எத்தனை வயது, எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது, அதே மாதிரி வண்டி போன மாதம் சந்தையில் என்ன விலைக்குப் போனது. உலகத்துக்கே முப்பது வண்டி என்றால் சந்தை எங்கே இருக்கிறது? முப்பது பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை அவளுக்கு. ஒரு வண்டிக்குள் அப்படி என்னதான் இருக்கும்?

மறுநாள் காலையில் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த கணவரிடம் சொன்னாள். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர்.

"எத்தனை சீட்டு?" என்றார் அவர் முதல் கேள்வியாக.

"ரெண்டு."

"டிரைவரைச் சேர்த்தா, சேர்க்காமயா?"

"சேர்த்துதாங்க."

தொகையைக் கேட்டதும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். உதடு அசைய மனக்கணக்குப் போட்டார். "பதினாலு பஸ் வாங்கலாம், மைக்... ஏம்மா. புது பஸ்ஸு. அறுநூத்தி முப்பது பேரு உட்காரலாம். நின்னுக்கிட்டு வர்றவங்களை நான் கணக்குல சேர்க்கலை."

"அதைத்தாங்க போய்ப் பார்க்கப் போறேன். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், செத்தாலும் ஆயிரம் பொன்னுங்கறாங்க. இது என்ன யானைன்னு தெரிஞ்சுக்கணும்ல."

"யானை மேல நாலு பேராவது உட்காரலாம்," என்று சொல்லிவிட்டு அவர் காலரைத் தேய்க்கத் தொடங்கினார்.

வண்டிக்குச் சொந்தக்காரர் குளிர் அறைகள் கட்டிக்கொடுக்கும் தொழிலதிபர். ஐஸ்காரர் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். அறுபதைத் தொட்டவர், ஒல்லி உடம்பு, அவசர நடை. வீட்டுப் பக்கவாட்டில் வண்டிக்கென்றே ஓர் அறை. தரையில் ஓடு, கூரையில் ஆறு விளக்கு, ஈரம் ஏறாமலிருக்க ஒரு யந்திரம் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார்.

வண்டி அவள் இடுப்புயரம்கூட இல்லை. தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத ஒரு நிறம். ஒரு விளக்குக்கு நேராகப் பார்த்தால் பச்சை. நாலடி தள்ளிப் பார்த்தால் நீலம்.

"பாடி முழுக்க அலுமினியம் மேடம். மெஷின்ல அச்சடிச்சது இல்லை, கையால தட்டித் தட்டி எடுத்தது," என்றார் ஐஸ்காரர். "கலர் எனக்காகவே செஞ்சது. நான் மொத மொதல்ல கட்டின குளிர் அறைக்குக் கதவுல பெயின்ட் அடிக்கக் காசில்லை. மிச்சம் கிடந்த ரெண்டு டப்பாவைக் கலந்து நானே அடிச்சேன். அந்தக் கதவுத் தகட்டுல ஒரு துண்டை வெட்டி அனுப்பினேன். அதே கலரைக் கொண்டு வர பதினோரு மாசம் ஆச்சு அவங்களுக்கு. உலகத்துல வேற யாருக்கும் இந்தக் கலரைக் கொடுக்க மாட்டோம்னு எழுதியே குடுத்திருக்காங்க."

அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார்.

"எவ்வளவு தூரம் ஓடியிருக்குங்க?"

"நூத்தம்பதுகூட ஆகியிருக்காது. வெளியே எடுத்தா மனசு பதறுது. நான் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் பண்ணிக் கேட்பேன். அவ்வளவுதான்."

அவள் குனிந்து பார்த்தாள். வண்டியின் கிலோமீட்டர் முள்பலகை இருநூற்றுப் பதினான்கு காட்டியது. அதைக் குறித்துக்கொண்டாள். பெரிய மனிதர்களுக்கு ஞாபகப் பிசகு சகஜம்.

பிறகு தன் சோப்புப் பெட்டியை எடுத்தாள். முன்பக்க மூடியில் நூற்றுப் பதினெட்டு. கதவில் நூற்று இருபது. கூரையில் நூற்றுப் பத்தொன்பது. இப்படி ஒரு சீரை அவள் பத்தொன்பது வருஷத்தில் பார்த்ததில்லை. சாதாரணப் புது வண்டியிலேயே முப்பது நாற்பது ஏறி இறங்கும். கையில் இவ்வளவு நிதானம் இருக்கிறவர்கள் யாராக இருக்கும் என்று யோசித்தபடியே இடது பின்சக்கரத்துக்கு மேலே வைத்தாள்.

இருநூற்றுப் பத்து.

துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. ஓர் உள்ளங்கை அகலத்துக்குத்தான் அந்தக் கனம். அதைத் தாண்டினால் திரும்பவும் நூற்றுப் பத்தொன்பது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஒரு கோடு, ஒரு நிழல், எதுவும் தெரியவில்லை. நிறத்தில் மயிரிழை வித்தியாசம்கூட இல்லை.

நிமிர்ந்தபோது, வாசலில் காபித் தட்டுடன் ஐஸ்காரரின் மனைவி நின்றிருந்தார். அவர் பார்வை வண்டியின்மேல் இல்லை. மைக்ரான் கையிலிருந்த கருவியின்மேல் இருந்தது.

கேட் வரைக்கும் வழியனுப்ப அந்த அம்மாவே வந்தார்.

"தங்கச்சி, அந்த மெஷின் என்ன சொல்லுது?"

"இடது பக்கம் பின்னால மறுபடி பெயின்ட் அடிச்சிருக்குன்னு சொல்லுதுங்க."

அந்த அம்மா வீட்டுப் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். அப்புறம் கொட்டிவிட்டார். எட்டு மாதத்துக்கு முன்னால் கணவர் வெளிநாடு போயிருந்த சமயம், ஒரு காலையில் சாவியை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பியிருக்கிறார். அறுபது கிலோமீட்டர் போய்த் திரும்பியிருக்கிறார். வீட்டு வாசலில் திருப்பும்போது இந்தக் கேட் தூணில்தான் இடித்தது.

"முப்பது வருஷம் அவரோட சேர்ந்து கம்பெனியில ராப்பகலா நின்னிருக்கேன். அவ்வளவையும் கொண்டு போய் இதுல போட்டாரே, இதுக்குள்ள என்னதான் இருக்குன்னு எனக்குத் தெரிய வேண்டாமா? கேட்டா தொட விடமாட்டார்."

"தெரிஞ்சுதுங்களா?" மைக்ரானுக்கு அதைத்தான் முதலில் கேட்கத் தோன்றியது.

"மொதல்ல பயந்தேன். அப்புறம் யாருமில்லாத ரோட்டுல, ஒத்தையில, பைத்தியம் மாதிரி சிரிச்சேன். எதுக்குன்னு கேட்காதே." அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "நீ எழுதணும்னா எழுது. உன் வேலை அது. ஆனா எழுதறதுக்கு முன்னாடி இதைச் சரி பண்ணினவரைப் போய்ப் பாரு. பஸ் பாடி கட்டுற ஷெட்டுல இருக்கார்."

ஷெட்டில் மூன்று பேருந்துகள் எலும்புக்கூடாக நின்றன. வெல்டிங் பொறியும் தின்னர் நெடியுமாக இருந்தது. பெயின்டர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, பழைய பனியனால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். புருவத்தில்கூட வெள்ளைப் பெயின்ட் தூசி. ஷெட்டில் அவரைக் கலர்காரர் என்றார்கள்.

"அண்ணே, அந்தக் கலரை எப்படிப் பிடிச்சீங்க? செஞ்ச கம்பெனிக்கே பதினோரு மாசம் ஆச்சாம்."

கலர்காரர் சிரித்தார். "பதினோரு மாசமா? பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சேம்மா. நாங்க பஸ்ஸுக்கு அடிக்கிற பச்சை. தண்ணி டேங்குக்கு அடிக்கிற நீலம். அது ஒரு பங்குன்னா இது அரைப் பங்கு. எங்க ஷெட்டுல டப்பா கழுவுற தண்ணியே அந்தக் கலர்லதான் ஓடும்." பின்னாலிருந்து ஒரு தகட்டை எடுத்து நீட்டினார். பச்சையிலிருந்து நீலம் வரை ஏழெட்டுச் சதுரங்கள் அடித்துப் பார்த்திருந்தார். ஐந்தாவது சதுரம் அதே நிறம்.

மைக்ரானுக்கு உள்ளுக்குள் ஒரு குறும்புச் சந்தோஷம் எட்டிப்பார்த்தது. "அப்போ அந்த விலையெல்லாம் வெறும் ஏமாத்துதானா அண்ணே?"

"அப்படிச் சொன்னா நாக்கு அழுகிப்போயிடும்," என்றார் கலர்காரர் சட்டென்று. "கலர் லேசும்மா. ஆனா பள்ளத்தை உள்ளேயிருந்து தட்டி எடுக்கச் சக்கரத்துக்கு உள்பக்கம் கழட்டினேன் பாருங்க, அங்கதான் அசந்துட்டேன். வெளிப்பக்கம் எவ்வளவு வழவழப்போ உள்பக்கமும் அவ்வளவு வழவழப்பு. யாரு பார்க்கப் போறா அதை? அந்த வண்டி வாங்கினவரே சாகுற வரைக்கும் பார்க்க மாட்டார். நாங்கன்னா அந்த இடத்துல தாரைப் பூசிட்டுப் போயிடுவோம். அதுல பென்சில்ல ரெண்டு பேரு கையெழுத்து, ஒரு தேதி, மேல வார்னிஷ். தட்டினவங்க பேரா இருக்கும். அது மேல என் சுத்தியல் படக் கூடாதுன்னு தோல் துண்டை மடிச்சு வச்சுத் தட்டினேன். பள்ளத்தை நிரப்புற புட்டி ஒரு சொட்டு போடலை. அரை நாள்ல முடிக்கிற வேலை, ஆறு நாள் ஆச்சு."

"கூலி?"

"ஒரு வேனுக்கு வாங்குறதுதான். அதோட, ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்கன்னு கேட்டேன். அந்த அம்மா பண்ணினாங்க. அப்போ பஸ்ஸு மேல நின்னு வேலை செஞ்சவங்க எல்லாரும் கீழே இறங்கி வந்துட்டாங்க."

அலுவலகத்துக்குத் திரும்பிய மைக்ரான் இரண்டு நாள் தொலைபேசியும் கணினியுமாகவே கிடந்தாள். அந்தக் கம்பெனி முன்பு இருபது வண்டி மட்டும் செய்து விற்ற ஒரு மாடல் இருந்தது. அதில் ஒரு பாகத்துக்குக் கம்பெனிக்கு வெளியே யாரோ மறுபடி பெயின்ட் அடித்த ஒரே ஒரு வண்டி ஏலத்துக்கு வந்து, மற்றதைவிட எட்டில் ஒரு பங்கு குறைவாகப் போயிருந்தது. அவளுக்குப் பிடிமானமாகக் கிடைத்தது அது ஒன்றுதான். எழுதினால் விலை இறங்கும், ஒரு பெண்மணியின் வீட்டில் பூகம்பம் வரும். எழுதாவிட்டால் பத்தொன்பது வருஷத்தில் அவள் மறைக்கும் முதல் எண் அதுவாக இருக்கும்.

அந்த அம்மாவைக் கூப்பிட்டாள். "எழுதாம இருக்க என்னால முடியாதுங்கக்கா. ஆனா அடுத்த வியாழக்கிழமை வரைக்கும் நேரமிருக்கு. நீங்களே சொல்லிடுங்க. என் காகிதத்துல படிச்சு அவர் தெரிஞ்சுக்க வேண்டாம்."

"நீயும் வா," என்றார் அந்த அம்மா. "மூணாவது மனுஷி பக்கத்துல இருந்தா அவர் கொஞ்சம் மெதுவாக் கத்துவார்."

அவர் மெதுவாகக் கத்தவில்லை. "எட்டு மாசம்! எட்டு மாசம் ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு வாயைத் திறக்கலையே நீ!" என்று அந்த ஓட்டுத் தரை அதிர நடந்தார். தினமும் வந்து துடைத்துவிட்டுப் போவேனே, என்னை முட்டாளாக்கிவிட்டாயே என்றார். கலர்காரர் செய்ததை மைக்ரான் விவரித்தபோதும் அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை.

"எந்த இடம்? காட்டு!" என்றார் மனைவியிடம்.

"இத்தனை நாளா துடைக்கிறீங்களே, நீங்களே கண்டுபிடிங்க."

ஐஸ்காரர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மண்டியிட்டார். வண்டியைச் சுற்றி ஒரு தடவை தவழ்ந்தார். விளக்கை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். கடைசியில் வலது கதவுக்குக் கீழே ஓரிடத்தில் விரல் வைத்து, "இதுதானே?" என்றார்.

"அது அவங்க அடிச்ச ஒரிஜினல்ங்க சார்," என்றாள் மைக்ரான்.

அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். வண்டியைப் பார்த்தபடியே, "என்னென்ன கலந்தாராம் அந்த ஆளு?" என்றார்.

"பஸ் பச்சையும் தண்ணி டேங்க் நீலமும்."

"ஆமா," என்றார் ஐஸ்காரர். அவர் முகம் என்னவோ போலாயிற்று. "ஆமா, டேங்க் நீலம்தான். பக்கத்துல ஒரு தண்ணித்தொட்டிக் கடை இருந்துச்சு. எனக்கே மறந்துபோச்சு." பிறகு மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கோபம் முழுதாக இறங்கவில்லை. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை அவரால். "எவ்வளவு வேகம் போனே?"

அந்த அம்மா சொன்னார்.

"நான் அதுல பாதிகூடப் போனதில்லையே!"

"தெரியும். அதான் அதுக்கு மூச்சுத் திணறுது."

மைக்ரான் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "ஓட்டத்துல எப்படியிருக்குன்னு என் படிவத்துல ஒரு கட்டம் இருக்குங்க சார். அதை நான் நிரப்பணும்." படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இருந்தது உண்மை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அதை நிரப்பியதில்லை என்பதும் உண்மை.

அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். பிறகு மனைவியிடம் நீட்டினார்.

பக்கத்துச் சீட்டில் இறங்குவதே மைக்ரானுக்குக் கிணற்றில் இறங்குவது போலிருந்தது. கேட் தூணைத் தாண்டும்போது உள்ளே இருந்த இருவரும் வெளியே நின்ற ஐஸ்காரரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தெருமுனை வேகத்தடையில் வயிறு உரசாமலிருக்க வண்டியைக் குறுக்காக ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. சாலையில் கிடந்த சின்னக் கல்கூட முதுகுத்தண்டில் வந்து தன் பேரைச் சொல்லிவிட்டுப் போயிற்று. இதற்கா பதினாலு பஸ் என்று மைக்ரான் நினைத்தாள். பக்கத்தில் வந்த லாரியின் சக்கரம் அவள் தலைக்கு மேலே சுற்றியது.

புறவழிச் சாலை வந்தது. முன்னால் ஒரு வண்டியும் இல்லை. "பிடிச்சுக்கோ," என்றார் அந்த அம்மா.

முதுகுக்குப் பின்னால் எஞ்சின் குரலை மாற்றிக்கொண்டது. தாழ இருந்த சத்தம் படிப்படியாக ஏறி, அவள் விலா எலும்புக்குள் புகுந்து நின்றது. சாலையோரத் தூண்கள் ஒன்றாகக் கலந்து கோடாயின. வளைவில் வண்டி சாயவில்லை. சாலைதான் வளைந்து கொடுத்த மாதிரி இருந்தது. ஸ்டியரிங்கை அந்த அம்மா விரல் நுனியால்தான் பிடித்திருந்தார். அப்போது யாரோ சிரிக்கும் சத்தம் கேட்டது. தன் சிரிப்புத்தான் என்று மைக்ரானுக்குத் தெரிய ஒரு கணம் பிடித்தது.

திரும்பி வந்தபோது ஐஸ்காரர் வெயிலில் கேட் தூணுக்கு முன்னால், அதை மறைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விரித்து நின்றிருந்தார்.

அறிக்கையில் எட்டில் ஒரு பங்கு குறைத்து எழுதினாள். காரணம், இடம், மைக்ரான் அளவு, உள்பக்கத்துப் பென்சில் கையெழுத்து, செப்பனிட்ட விதம் எல்லாம் ஒன்றுவிடாமல் எழுதினாள். ஓட்டத்துக்கான கட்டத்தில் 'மிக நன்று' என்று எழுதி, அது போதவில்லையே என்று ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் சொன்னபோது கணவர், "அப்போ பன்னெண்டேகால் பஸ்ஸு," என்று கணக்கை முடித்தார்.

ஐஸ்காரர் மூன்று நாள் மல்லுக்கு நின்றார். வண்டி செய்த கம்பெனிக்கே அனுப்பி அந்தப் பாகத்தை மாற்றிவிடுகிறேன் என்றார். பழைய பாகத்தைப் பென்சில் கையெழுத்தோடு வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகத் தட்ட நாலு மாதமாகும் என்று பதில் வந்தது. அன்று சாயங்காலமே அவர் பஸ் ஷெட்டுக்குப் போய்க் கலர்காரரை அழைத்து வந்து, சக்கரத்தின் உள்பக்கத்தைக் கழற்றச் சொல்லிப் பார்த்திருக்கிறார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது. மறுநாள் அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட அறிக்கை அலுவலகத்துக்கு வந்துவிட்டது.

பதினான்கு மாதம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து தொலைபேசி வந்தது. வண்டியை விற்றுவிட்டார்களாம். வீட்டில் இருவரும் மாறி மாறி ஓட்டி ஆறாயிரம் கிலோமீட்டர் ஆகிவிட்டது, முதுகுவலி தாங்கவில்லை என்றார். விற்ற தொகையைச் சொன்னார். மைக்ரான் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அவள் எழுதியதைவிட மட்டுமல்ல, ஐஸ்காரர் முதலில் கொடுத்ததைவிடவும் அதிகம்.

அலமாரியிலிருந்து தன் அறிக்கையை எடுத்துவைத்து வரிவரியாகப் படித்தாள். எங்கே தப்பு விட்டோம்? அளவுகள் சரி. ஒப்பீடு சரி. ஏலத்து விலையும் சரி. மறுபடி அந்த அம்மாவையே கூப்பிட்டாள்.

"அக்கா, வாங்கினவர் என் ரிப்போர்ட்டைப் பார்த்தாரா?"

"முழுசாப் படிச்சார். ரெண்டு தடவை."

"பெயின்ட் விஷயம்?"

"அதைப் படிச்சுட்டுச் சரின்னு தலையாட்டினார். நானும் கேட்டேம்மா, ஏன் சார் இவ்வளவு குடுக்கறீங்கன்னு. 'மத்த இருபத்தொம்பது பேரும் விக்க மாட்டேங்கிறாங்க அம்மா'ன்னு சொன்னார்."

மேலாளரிடம் போய் அப்படியே சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"அப்போ உண்மையிலேயே அந்த விலை பெறுமா, பெறாதா? நீதான் உட்கார்ந்து போயிட்டு வந்தியே."

மைக்ரான் யோசித்தாள். "தெரியலைங்க சார். அந்த ரோட்டுல போனப்போ, குடுத்தவங்க ஏன் குடுத்தாங்கன்னு கொஞ்சம் புரிஞ்சுது. வண்டி நின்னதும் மறுபடி புரியாமப் போச்சு."